யோகெரஸ் வந்துவிட்டார், சரி. மூன்று வருடம் ஏன் காத்திருந்தோம்?

பீரங்கி_ரங்கூன் (28 ஜூலை 2025, இரவு 9.40)

நம் ஆர்சனல் கால்பந்து அணி நேற்று சிங்கப்பூரில் நியூகாசிலை 3-2 என்று வென்றது. அதற்கு முந்தைய நாள்தான் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கவென்றே முன்னால் நிற்பவர்) விக்டர் யோகெரஸ் ஆர்சனலில் கையெழுத்திட்ட செய்தி வந்தது. ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 63.5 மில்லியன் யூரோ, நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 10 மில்லியன் என்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த என் தம்பியை எழுப்பிச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் அடங்கியதும் கோபம் வந்துவிட்டது. இதற்கு முன் நாம் ஸ்ட்ரைக்கர் என்று ஒருவரை வாங்கியது 2022 ஜூலையில். காப்ரியேல் ஜெசூஸ், 45 மில்லியன் பவுண்ட். அதற்கப்புறம் இருந்த ஸ்ட்ரைக்கர்களில் பலோகனை மொனாக்கோவுக்கு விற்றோம், நெக்கெட்டியாவை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றோம். 2023-ல் ஹாவர்ட்ஸுக்கு 65 மில்லியன் கொடுத்தோம், ஆனால் அவரை நடுக்களத்துக்கு என்றுதான் கூட்டி வந்தார்கள். அவரே முன்னால் போய் ஸ்ட்ரைக்கர் ஆனது பிறகு நடந்த கதை.

இந்த வருட பிப்ரவரியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜனவரி 12 அன்று எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஜெசூஸின் முழங்கால் போனது. ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தை மூட இன்னும் மூன்று வாரம் இருந்தது. பிப்ரவரி 3 அன்று மூடியது, ஒருவரும் வரவில்லை. அப்புறம் துபாய் முகாமில் ஹாவர்ட்ஸின் தொடைத்தசை கிழிந்தது. சாக்கா டிசம்பரிலிருந்தே வெளியே, மார்ட்டினெல்லியும் அடிபட்டுக் கிடந்தார். லெஸ்டரில் நடுக்களத்து மெரினோவை ஸ்ட்ரைக்கராக இறக்கினார் பயிற்சியாளர் ஆர்ட்டெட்டா. அவர் 2 கோல் அடித்துக் காப்பாற்றினார். அன்று முதலிடத்திலிருந்த லிவர்பூலுக்கும் நமக்கும் 4 புள்ளிதான் வித்தியாசம். அடுத்து சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமிடம் 0-1. ஃபாரஸ்ட்டில் 0-0. பதினொரே நாளில் வித்தியாசம் 13 ஆகிவிட்டது.

அந்த ஃபாரஸ்ட் ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி 2 மணி. வீட்டில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வருகிறது, டேட்டாவுக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும். தொண்ணூறு நிமிடமும் பெட்டிக்குள் பந்தைத் தள்ள ஓர் ஆள் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அன்று மனம் விட்டுப்போனது.

நிர்வாகத்தின் இந்த ஜாக்கிரதை நம்மிடமிருந்து கோப்பையைப் பறித்துவிட்டது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் வாருங்கள்.

பெகு_நெல்வியாபாரி (28 ஜூலை, இரவு 10.25)

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொல்கிறேன். அறுப்பு நேரத்தில் மழை வந்துவிட்டால் சில வியாபாரிகளுக்குக் கை நடுங்கும். மில் சும்மா கிடக்கிறதே என்று ஈர நெல்லை வாங்கிப் போடுவார்கள். மூட்டையில் பார்க்க நெல்தான். அரைத்தால் பாதி நொய்யாக விழும். விலை கொடுத்தது முழு அரிசிக்கு.

ஜனவரியில் அவசரப்பட்டு வாங்கிய ஸ்ட்ரைக்கர்களை எண்ணிப் பாருங்கள். 2011 ஜனவரி கடைசி நாளில் செல்சி 50 மில்லியன் பவுண்ட் கொடுத்து டோரஸை எடுத்தது. லீகில் 110 ஆட்டம் ஆடி 20 கோல். அதே நாளில் லிவர்பூல் ஆண்டி கேரலுக்கு 35 மில்லியன் கொடுத்தது. லீகில் மொத்தம் 6 கோல். ஜனவரி மட்டுமா? 2021 கோடையில் செல்சி லுக்காக்குவுக்கு 97.5 மில்லியன் கொட்டியது, லீகில் 8 கோல், அடுத்த கோடையில் இன்டருக்கே கடனாகத் திருப்பி அனுப்பினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஹொய்லண்டை வாங்கியதை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காத்திருந்தவனுக்குக் கிடைத்ததையும் சொல்கிறேன். 2021-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு ஹாரி கேன் வேண்டும். டாட்டனம் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் முழு ஸ்ட்ரைக்கர் இல்லாமலே ஆடி லீகை வென்றார்கள். 2022-ல் ஹாலண்டை 51 மில்லியனுக்கு எடுத்தார்கள். முதல் வருடமே லீகில் 36 கோல், மூன்று கோப்பை.

இந்த ஜனவரியில் ஆர்சனல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதையும் எழுதுங்கள். ஒல்லி வாட்கின்ஸுக்கு விலை கேட்டார்கள், அவருடைய கிளப் ஆஸ்டன் வில்லா மறுத்தது. வில்லா அதே வாரம் டுரானை அல் நாசருக்கு விற்றது. ஒரே சந்தையில் இரண்டு ஸ்ட்ரைக்கரையும் எந்த கிளப் விற்கும்?

மோல்மேன்_14 (28 ஜூலை, இரவு 11.05)

பெகு அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். இதை ஒரு ஜனவரிப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். இது இருபது வருட நோய்.

நான் ஆன்ரி வந்த காலத்திலிருந்து ஆர்சனல். 1999-ல் யுவெண்டஸில் ஓரத்தில் ஓடவிட்டு வீணாக்கிக்கொண்டிருந்த பையனை அன்றைய பயிற்சியாளர் வெங்கர் கூட்டி வந்து நடுவில் நிறுத்தினார். ஆரம்பத்தில் கோலே வரவில்லை. பொறுத்தார். 228 கோல் அடித்து கிளப்பின் வரலாற்றிலேயே முதலிடத்தில் நிற்கிறார். 2003-04-ல் 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்தத் துணிச்சலில்தான் நான் இந்த கிளப்பின் மேல் பைத்தியமானேன்.

2006-ல் புது மைதானத்துக்குப் போனதும் பர்ஸை மூடினார்கள். மைதானத்துக்கு 390 மில்லியன் பவுண்ட், கடன் இருந்தது, சரி. ஆனால் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. 2012-ல் வான் பெர்சியை யுனைடெடுக்கே விற்றோம். அவர் 26 கோல் அடித்து அவர்களுக்குக் கோப்பையைக் கொடுத்தார். 2013-ல் சுவாரஸைக் கேட்டது நினைவிருக்கிறதா? 40 மில்லியனுக்கு மேல் கேட்டால் பேசலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அதனால் 40,000,001 பவுண்ட் கொடுத்தார்கள்! ஒரே ஒரு பவுண்ட் அதிகம். லிவர்பூல் மறுத்துவிட்டது. அந்த வருடம் சுவாரஸ் லீகில் 31 கோல். வேண்டும் என்று மனதார நினைப்பவன் அப்படிக் கேட்பானா?

2015 கோடையில் மைதானத்தில் ஓடும் ஆட்டக்காரர் ஒருவரைக்கூட வாங்கவில்லை. கோல்கீப்பர் செக் மட்டும். அந்த வருடம் பெரிய கிளப்புகள் எல்லாம் சரிந்து கிடந்தன. லெஸ்டர் 81 புள்ளியில் லீகைத் தூக்கிக்கொண்டு போனது, நாம் 71-ல் இரண்டாவது. அது போல் ஒரு வருடம் இனி வருமா அண்ணே?

பெகு_நெல்வியாபாரி (28 ஜூலை, இரவு 11.20)

2015-க்கு என்னிடம் பதில் இல்லை, அது தவறுதான். ஆனால் ஆன்ரியைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்லாதீர்கள். மொனாக்கோவில் அந்தப் பையனை முதன்முதலில் மூத்தோர் அணியில் இறக்கியதே வெங்கர்தான். கையில் வளர்ந்த பிள்ளை. விதை எந்த வயலில் விளைந்தது என்று தெரிந்து வாங்கினார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. நான் சொல்லும் ஜாக்கிரதை என்பதே அதுதான்.

தட்டோன்_ஆசிரியை (29 ஜூலை, காலை 6.50)

காலையில் மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன். பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேருமே "ஸ்ட்ரைக்கர் வாங்குவது" என்று ஒரே சொல்லில் இரண்டு விஷயத்தைப் பேசுகிறீர்கள் என்று படுகிறது. முதல் பதினொருவரில் நிற்கும் ஆள் ஒன்று. அவர் அடிபட்டால் வரும் ஆள் இன்னொன்று.

முதல் விஷயத்தில் நான் பெகு அண்ணன் பக்கம். 2023-24-ல் முழு ஸ்ட்ரைக்கர் இல்லாமல்தான் ஆடினோம். லீகில் 91 கோல் அடித்தோம், 29 மட்டுமே வாங்கினோம், 89 புள்ளி. சிட்டி 91 புள்ளியில் வென்றது. 91 கோல் அடித்த அணியைப் பார்த்து "கோல் அடிக்க ஆளில்லாமல் தோற்றோம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது விஷயத்தில் ரங்கூன் தம்பி சொல்வதுதான் சரி. சொல்லப்போனால் தம்பி இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கலாம். 2024 ஆகஸ்ட்டில் நெக்கெட்டியாவை 25 மில்லியன் பவுண்டுக்கும் அதற்கு மேல் 5 மில்லியன் நிபந்தனைத் தொகைக்கும் விற்றார்கள். நாம் குறிவைத்த ஸ்ட்ரைக்கர் செஷ்கோ லைப்ஸிகிலேயே இருப்பதாக ஜூனிலேயே முடிவு செய்துவிட்டார். அதற்கப்புறம் ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. கடைசி நாளில் ஸ்டெர்லிங் கடனாக வந்தார், அவர் ஓரத்து ஆட்டக்காரர், லீகில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதாவது முதல் தர ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாவது ஆளையும் வைத்துக்கொள்ளாமல் விட்டார்கள். ஜனவரியில் ஜெசூஸ் விழுந்தபோது அதிர்ஷ்டம் கெட்டது என்றார்கள். முழங்காலில் ஏற்கனவே கத்தி பட்டவர் ஜெசூஸ். 2022 உலகக் கோப்பையில் அடிபட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தவர். அவரை நம்பி ஒரு வருடத்தை ஓட்டுவது எப்படி ஜாக்கிரதை ஆகும்? எனக்கு அது பெரிய சூதாட்டமாகத்தான் தெரிகிறது.

2024-25-ல் லீகில் நமக்கு அதிக கோல் அடித்தவர் ஹாவர்ட்ஸ். 9 கோல். பிப்ரவரிக்குப் பிறகு மே வரை ஆடவே முடியாத மனிதர் கடைசி வரை முதலிடத்தில் இருந்தார். இந்த ஒரு விவரமே போதும்.

இன்னொன்று, நிர்வாகம் ஏன் இப்படி ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் ஆபமெயாங்குக்கு 56 மில்லியன். நன்றாக அடித்தார், 2020-ல் பெரிய சம்பளத்தில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், ஆட்டம் சரிந்தது, 2022-ல் சும்மாவே பார்சிலோனாவுக்குப் போனார். 2019-ல் பெப்பேவுக்கு 72 மில்லியன், அவரும் கடைசியில் காசில்லாமல்தான் வெளியேறினார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். இவர்கள் அதற்கப்புறம் சமையலறைக்கே போகவில்லை.

மணி அடித்துவிடும், வருகிறேன்.

ஆன்ஃபீல்ட்_தம்பி (29 ஜூலை, பகல் 1.15)

உள்ளே வரலாமா? நான் லிவர்பூல்.

போன வருடம் நாங்கள் சாம்பியன். அந்தக் கோடையில் எங்கள் அணிக்கு வந்து சேர்ந்தவர் கியேசா ஒருவர்தான். 10 மில்லியன் பவுண்டும் கொஞ்சம் மேலேயும். கோல்கீப்பர் மமர்தாஷ்விலிக்கு அப்போதே கையெழுத்து வாங்கினாலும் அவர் வருவது இந்த வருடம்தான். ஸ்ட்ரைக்கர் வாங்கவே இல்லை. லூயிஸ் டியாஸை நடுவில் நிறுத்தி, சாலா 29 கோல் அடித்து வென்றோம். எனவே வாங்காததால் தோற்றோம் என்பதை நான் ஏற்கமாட்டேன். நாங்களும் வாங்கவில்லை.

2022-ல் டார்வின் நூனியஸுக்கு 64 மில்லியன் கொடுத்து ஆரம்பித்த கதை எங்களுக்குத் தெரியும். லீகில் 9, 11, 5 என்று இறங்கியது. நல்ல மனசு, ஓயாமல் ஓடுவார், அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த விலைக்கு வந்தது அதுதான்.

மோல்மேன்_14 (29 ஜூலை, பகல் 1.40)

தம்பி, உங்களிடம் சாலா இருந்தார். 2017-லிருந்து இருக்கிறார். வீட்டில் கிணறு வைத்திருப்பவர் குழாய் எதற்கு என்று கேட்கக்கூடாது.

அதோடு சாம்பியன் ஆன கையோடு நீங்கள் என்ன செய்தீர்கள்? போன வாரம்தான் எக்கிட்டிக்கேவை ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து 69 மில்லியனுக்கு எடுத்தீர்கள், மேலே 10 மில்லியன் வேறு. நூனியஸில் கை சுட்ட பிறகும் திரும்பப் போய் வாங்கினீர்களே, அந்தத் தைரியத்தைத்தான் நான் எங்கள் நிர்வாகத்திடம் கேட்கிறேன்.

பீரங்கி_ரங்கூன் (29 ஜூலை, இரவு 8.30)

அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். 2023-24-ஐ விட்டுவிடுகிறேன், அது ஸ்ட்ரைக்கர் இல்லாததால் போன கோப்பை என்று என்னால் நிரூபிக்க முடியாது. 2021-22-ஐ மட்டும் விடமாட்டேன். ஜனவரி முடிவில் ஆபமெயாங் போனார், மாற்று வரவில்லை. நாம் குறிவைத்த வ்லாஹோவிச் யுவெண்டஸுக்குப் போனார். லக்கசெட் அந்த வருடம் முழுவதும் லீகில் அடித்தது 4 கோல். ஏப்ரலில் பேலஸ், பிரைட்டன், சவுத்தாம்ப்டன் என்று வரிசையாக மூன்று தோல்வி. டாட்டனம் 71, நாம் 69. இரண்டு புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் போனது. மூன்று வருடம் கழித்து அதே ஜனவரி, அதே தவறு. ஒரு முறை நடந்தால் விதி. இரண்டு முறை நடந்தால் குணம்.

இப்போது பெகு அண்ணனின் நெல்லுக்கே வருகிறேன். ஈர நெல் வாங்கக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களத்தில் காய்ந்த நெல் கிடக்கும்போதே வாங்காமல் விட்டு, பஞ்சக் காலத்தில் மூன்று மடங்கு விலைக்கு வாங்குவதற்கு என்ன பெயர்?

2022-23-ல் யோகெரஸ் இங்கிலாந்தில்தான் இருந்தார். கவென்ட்ரியில். இரண்டாம் பிரிவு லீகில் 21 கோல். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 2023 கோடையில் ஸ்போர்ட்டிங் அவரைச் சுமார் 20 மில்லியன் யூரோவுக்கு எடுத்தது. அதே கோடையில்தான் நாம் ஹாவர்ட்ஸுக்கு 65 மில்லியன் பவுண்ட் கொடுத்தோம், ரைஸுக்கு 105. ரைஸ் ஒவ்வொரு காசுக்கும் தகுதியானவர், அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் 20 மில்லியனுக்கு இடமில்லையா? லிஸ்பனில் இரண்டு வருடத்தில் 102 ஆட்டம், 97 கோல். இன்று மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து, 27 வயதில் வாங்குகிறோம். நம் ஜாக்கிரதைக்கான வட்டி இது.

பெகு_நெல்வியாபாரி (29 ஜூலை, இரவு 9.55)

இங்கே மழை கொட்டுகிறது, இணையம் வந்து வந்து போகிறது. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழிந்துவிட்டது. மூன்றாம் முறையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதை விடக்கூடாது.

தம்பி, உங்கள் கவென்ட்ரி வாதம் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் யோகெரஸ் அதற்கு முன் எங்கே இருந்தார்? பிரைட்டனில். ஆள் எடுப்பதில் இங்கிலாந்திலேயே கண் கூர்மையான கிளப் என்று எல்லோரும் சொல்லும் பிரைட்டன். பிரீமியர் லீகில் ஒரு நிமிடம்கூட அவரை இறக்கவில்லை. 2021-ல் சொற்பத் தொகைக்குக் கவென்ட்ரிக்குக் கொடுத்துவிட்டார்கள். தினமும் பயிற்சியில் கண்முன்னால் பார்த்தவர்களுக்கே தெரியாதது, ஆர்சனலுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமா?

2023-ல் நாம் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஜெசூஸ், நெக்கெட்டியா, ஹாவர்ட்ஸுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்குப் பத்து நிமிடம். லிஸ்பனில் ஒவ்வொரு வாரமும் முழு ஆட்டம், சாம்பியன்ஸ் லீக், சிட்டிக்கு எதிராகவே மூன்று கோல். அந்த வெயிலில் காய்ந்துதான் நெல் நெல்லாயிற்று. நாம் கொடுத்த கூடுதல் 40 மில்லியன் யூரோ, காயவைத்த கூலி. எனக்கு அது அநியாய விலையாகத் தெரியவில்லை.

மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று லீகில் விதி இருக்கிறது. ஒரு டோரஸ் வாங்கிச் சிக்கினால் அடுத்த இரண்டு கோடை கையைக் கட்டிப்போடும். ஆர்ட்டெட்டாவின் ஆட்டமுறையும் சும்மா கோல் அடிப்பவரை ஏற்காது, முன்னாலிருந்தே விரட்ட வேண்டும், பந்தை முதுகில் தாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர் உலகத்தில் எத்தனை பேர், அதில் விற்பனைக்கு எத்தனை பேர்?

ஆனால் ஆசிரியை சொன்ன ஒன்று இரவெல்லாம் மனதில் கிடந்தது. நெக்கெட்டியாவை விற்றதை நான் இதுவரை நல்ல வியாபாரம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. புது மாடு வரும் முன்னே பழைய மாட்டை அவிழ்த்துவிட்டால் உழவு நிற்கும். நின்றது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆன்ஃபீல்ட்_தம்பி (29 ஜூலை, இரவு 10.10)

சிட்டிக்கு எதிரான அந்த ஆட்டம் பார்த்தேன். ஸ்போர்ட்டிங் 4-1. அதில் இரண்டு பெனால்டி என்று சிலர் குறைக்கிறார்கள். முதல் கோலில் அவர் ஓடி எட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். நல்ல ஆளை வாங்கியிருக்கிறீர்கள் என்று எதிரணிக்காரனாகவே சொல்கிறேன்.

தட்டோன்_ஆசிரியை (30 ஜூலை, மாலை 5.30)

பெகு அண்ணனுக்கு ஒரு கேள்வி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்கிறீர்கள். 2024-25-ல் அந்த பெஞ்சில் யாருமே இல்லையே? ஜனவரி 12-க்குப் பிறகு அந்த இடம் அவருடையதாகவே ஆகியிருக்கும்.

மற்றபடி பழைய கணக்கை இனி எவ்வளவு புரட்டினாலும் புள்ளி திரும்பி வராது. இப்போது கவலைப்பட வேண்டியது வேறு. நவம்பரில் விளையாட்டு இயக்குநர் எடு பதவி விலகினார், மார்ச்சிலிருந்து ஆள் எடுக்கும் பொறுப்பு ஆண்ட்ரியா பெர்ட்டாவிடம். ஜூனில் செஷ்கோ, யோகெரஸ் இருவருக்கும் விலை பேசினார்கள், ஒருவரோடு நின்றார்கள். ஜெசூஸ் இன்னும் பல மாதம் வரமாட்டார். அப்படியானால் ஹாவர்ட்ஸ், யோகெரஸ் இருவர்தான். அந்த ஹாவர்ட்ஸ் தொடைத்தசை கிழிந்து மீண்டவர். சந்தை மூட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இருவர் போதும் என்று திரும்பவும் நினைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

மோல்மேன்_14 (30 ஜூலை, மாலை 6.05)

அதே பயம் எனக்கும் இருக்கிறது அக்கா.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவருக்கு 14-ஆம் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆன்ரியின் சட்டை. என்னிடம் அந்த எண் போட்ட பழைய சட்டை ஒன்று இருக்கிறது, துவைத்துத் துவைத்து எண்ணே உதிர்ந்துவிட்டது. ஜாக்கிரதையான நிர்வாகம் அந்த எண்ணை யாருக்கும் சுலபமாகக் கொடுக்காது என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

பீரங்கி_ரங்கூன் (30 ஜூலை, இரவு 9.00)

முதல் ஆட்டம் ஆகஸ்ட் 17, ஓல்ட் டிராஃபோர்டில், நம் நேரத்துக்கு இரவு 10 மணி. பெகு அண்ணே, உங்கள் தெரு டீக்கடையில் ஜெனரேட்டர் உண்டா? உண்டென்றால் தம்பியைக் கூட்டிக்கொண்டு மாலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். கவென்ட்ரி விஷயத்தில் நான் இன்னும் தோற்கவில்லை, நேரில் பேசிக்கொள்ளலாம்.

பெகு_நெல்வியாபாரி (30 ஜூலை, இரவு 9.20)

உண்டு. கடைக்காரர் யுனைடெட். பரவாயில்லை, வாருங்கள், இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.